டாக்டர் படிப்பு மட்டும்தானா? மருத்துவத்துக்குள் நுழைய இன்னொரு வாசல்

நம் தோட்டப்புறங்களில் ஒரு பிள்ளை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் படித்தால் போதும், "இது டாக்டருக்குத்தான் படிக்கும்" என்று லயத்தில் உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளையை யாரும் கேட்பதில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்து, மருத்துவத்துக்கு வேண்டிய ஏ ஒன்றிரண்டு குறைந்துபோனால், அதே லயம் "போச்சு, எல்லாம் போச்சு" என்று கையை விரித்துவிடுகிறது. நேற்றுவரை டாக்டர் என்று கூப்பிடப்பட்ட பிள்ளை, மறுமாதம் ஏதாவதொரு பேரங்காடியில் சம்பளத்துக்கு நிற்கிறது. இல்லையென்றால் பெற்றோர் சேமநிதிப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, தெரியாத நாட்டில் தெரியாத கல்லூரிக்கு அனுப்பிவிட்டுக் கடனில் மூழ்குகிறார்கள்.

இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. மருத்துவமனையின் உள்ளே வேலை. ஆனால் கையில் ஊசி இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. உயிரியலையும் மருத்துவத்தையும் கணினி அறிவியலோடு சேர்த்துப் படிக்கும் படிப்பு அது. பயோமெடிக்கல் இன்பர்மேட்டிக்ஸ் என்று பெயர். தமிழில் உயிர் மருத்துவத் தகவலியல் என்று சொல்லலாம். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விஷயம் நமக்குப் பழக்கமானதுதான்.

"மருத்துவமும் கம்ப்யூட்டரும் ஒண்ணா? இது என்னய்யா கதை?" என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

செக்ரோலும் நோயாளிக் கணக்கும்

தோட்டத்து ஆபீஸில் கிராணி வைத்திருக்கும் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ பால் கொண்டு வந்தார், அதில் ரப்பர் சதவீதம் எவ்வளவு, யார் எத்தனை குலை வெட்டினார் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி மாறிப் பதிந்துவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கிலோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஏறும். மாதக் கடைசியில் சண்டை வரும். திருத்திக் கொள்ளலாம்.

மருத்துவமனையிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. யாருக்கு என்ன நோய், என்ன ரத்தப் பரிசோதனை, எந்த மாத்திரை, எதற்கு ஒவ்வாமை என்று அதில் இருக்கும். அங்கே ஒரு வரி மாறினால் சண்டையோடு போகாது. ஓர் ஆளின் மருந்து இன்னோர் ஆளின் உடம்புக்குள் போய்விடும்.

நம் ஆட்களிடையே ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது! முனியாண்டி அப்பா பெயர் ராமன், இன்னொரு முனியாண்டி அப்பா பெயரும் ராமன். ஒரே நாளில் இருவரும் சர்க்கரை மாத்திரை வாங்க கிளினிக்குக்கு வருகிறார்கள். கம்ப்யூட்டர் எப்படிப் பிரித்தறியும்? அடையாள அட்டை எண்ணை வைத்துத்தான். நம்முடைய ஐ.சி. எண்ணில் 12 இலக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இப்படி ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் இருக்க வழி கண்டுபிடிப்பதுதான் தகவலியலின் முதல் பாடம்.

அந்தப் பாடத்துக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியாக எடுக்காமல், அடையாள அட்டையே இல்லாமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? கம்ப்யூட்டருக்கு எண் வேண்டும். எண் இல்லாத மனிதனின் நோய், கணக்கில் ஏறாத நோயாகப் போய்விடக் கூடாது. இதை எண்ணிப் பார்க்கும் ஓர் ஆள், அந்த ஏற்பாட்டை வடிவமைக்கும் அறைக்குள் இருக்க வேண்டாமா? லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த எண்ணம் முதலில் வரும்.

நம் நாட்டில் இந்த வேலை புதிதல்ல. 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தொடக்கத்திலிருந்தே காகிதக் கோப்பு இல்லாமல், எக்ஸ்ரே படத்தைக்கூடக் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்க்கும்படி கட்டப்பட்ட மருத்துவமனை. அதன்பின் வந்த கோவிட் காலத்தில், 2020இல் மைசெஜாத்ரா செயலி ஒவ்வொருவர் கைபேசிக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. தடுப்பூசி எப்போது, எங்கே என்று அதுதான் சொன்னது. ஊசி போட்டவர் தாதி. அந்த ஊசிக்கு ஆள் கணக்கு, மருந்துக் கணக்கு, தேதிக் கணக்கு எல்லாம் பார்த்தது நாம் பேசிக்கொண்டிருக்கும் துறை.

காய்ச்சலைக் கணக்கில் பிடிப்பது

இன்னொன்றைப் பாருங்கள். செம்பனைக் காட்டில் எலி அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். இந்த நோயைக் கண்டால் டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் இருந்துவரும் விதி. ஒரு கிளினிக்கில் ஒருவர், இன்னொரு கிளினிக்கில் இருவர், ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஒருவர் என்று தனித்தனியே பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டு, "இவர்கள் அனைவரும் எங்கே வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால், ஒரே தோட்டத்தின் ஒரே பிரிவு என்று தெரியவரும். அப்போது அந்த ஓடையைத் தேடிப் போகலாம். பிறர் காய்ச்சலில் விழுமுன் காப்பாற்றலாம்.

இந்தக் கேள்வியைத் தாமதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. 1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. பிறகு நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பக்கம் வந்தது. முதலில் அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கணக்கு இடித்தது. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுபிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்ததோ பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் அறியாத வைரஸைப் பிரித்தெடுத்தார். அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. எதிர்பொருள் சோதனையும், வைரஸின் மரபணு எழுத்துகளை வேறு வைரஸ்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததும், அது 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைத் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸின் உறவு என்று காட்டின. குற்றவாளி கொசுவல்ல, பன்றி வழியாக வந்த நோய் என்று தெளிவானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் 105 உயிர்கள் போய்விட்டன. பண்ணையில் கூலிக்கு வேலை செய்த ஏழைகளும் அதில் உண்டு.

மரபணு எழுத்து என்கிறோமே, அது என்ன? உயிர்கள் எல்லாவற்றின் உடம்புக்குள்ளும் நான்கே நான்கு எழுத்துகளால் எழுதிய ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. ஏ, சி, ஜி, டி என்று அவற்றைச் சொல்வார்கள். கோவிட் போன்ற வைரஸ்களில் டி இருக்குமிடத்தில் யூ என்ற எழுத்து வரும். கோவிட் வைரஸின் சங்கிலி ஏறத்தாழ 30,000 எழுத்து. 2020 ஜனவரியில் அந்த எழுத்துகளைச் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் உலகமெங்கும் பரிசோதனையும் தடுப்பூசியும் தயாரிக்கத் தொடங்கினார்கள். மனிதனுக்கோ சுமார் 300 கோடி எழுத்து. அதைப் படிக்கும் பெருந்திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 300 கோடி எழுத்தை எந்த மனிதன் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பான்? கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க, கணக்கும் தெரிந்த, உயிரியலும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

"சரிங்க, அதெல்லாம் பெரிய பெரிய விஞ்ஞானிங்க வேலை. நமக்கென்ன?" என்று கேட்கும் அண்ணன்மாருக்காக இதைச் சொல்கிறோம்.

வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மாத்திரை ஒன்று உண்டு. நல்ல மருந்துதான். உலகமெங்கும் எத்தனையோ பேர் அதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு மட்டும் அதைச் சாப்பிட்டதும் தோல் முழுவதும் தீயில் வெந்ததுபோல் உரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஏன் சிலருக்கு மட்டும்? 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அந்த வகை வெள்ளைக்காரர்களிடம் மிகவும் அரிது. சீனர்கள், மலாய்க்காரர்கள், தாய்லாந்துக்காரர்கள் ஆகியோரிடம் கூடுதலாக இருக்கிறது. இந்தியர்கள் சிலரிடமும் இருக்கிறது.

வெள்ளைக்காரர்களின் உடம்பை மட்டும் பார்த்து எழுதிய கணக்கில் இந்த ஆபத்து தெரிந்தே இருக்காது என்பது புரிகிறதா? நம்முடைய உடம்பு கணக்கில் இருந்தால்தான் நமக்கு ஏற்ற மருந்து கிடைக்கும். இன்றைக்கும் உலகத்து மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவரைப் பற்றியதுதான். நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய மலேசியன் கொஹோர்ட் என்ற ஆய்வு, 2006 முதல் 2012 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களைச் சேர்த்து, அவர்களின் ரத்த மாதிரியையும் வாழ்க்கைப் பழக்கத்தையும் பதிவு செய்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் அதில் உண்டு. அந்தக் குவியலிலிருந்து பொருள் எடுப்பது இந்தப் படிப்புப் படித்தவர்களின் வேலை.

2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் வளர்ந்தவர்கள் ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். கால் எடுத்தவர் இல்லாத லயம் உண்டா, டயாலிசிஸ் போகாதவர் இல்லாத குடும்பம் உண்டா என்று தேட வேண்டியிருக்கிறது. யாருக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடிக்கும், யாருக்குக் கண்ணைப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்!

மாத்திரை விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது இந்த வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டையும் படித்த மாணவர்

இரண்டு துறையைச் சேர்த்துப் படிப்பது வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிப் என்று ஒரு மாணவர் இருந்தார். ஒரு பக்கம் டாக்டர் படிப்பு, இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. இரண்டையும் சேர்த்து மைசின் என்ற ஒரு நிரலை உருவாக்கினார். ரத்தத்தில் கிருமி தொற்றிய நோயாளியைப் பற்றி அது டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். பதிலை வாங்கிக்கொண்டு, தனக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான விதிகளைப் பொருத்திப் பார்த்து, எந்தக் கிருமியாக இருக்கலாம், எந்த மருந்து கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் காரணமும் சொல்லும்.

1979இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், அதன் யோசனைகள் அந்தத் துறை நிபுணர்களின் யோசனைக்குச் சளைத்தவை அல்ல என்று தெரிந்தது. ஆனாலும் மைசின் வார்டுக்குள் போய் நோயாளிகளுக்கு மருந்து சொல்லவே இல்லை. கேள்வி கேட்டு முடிக்க நேரம் பிடித்தது. மருத்துவமனையின் பதிவுகளோடு அதற்குத் தொடர்பு இல்லை. தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் விடை இல்லை. கம்ப்யூட்டர் கெட்டிக்காரத்தனமாக இருந்தால் மட்டும் போதாது, வார்டில் ஒரு தாதிக்கும் டாக்டருக்கும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும் என்பதை அந்தத் துறை அப்போது கற்றுக்கொண்டது. இரண்டையும் அறிந்த ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என்ன படிப்பார்கள்?

சேர்ந்த பட்டம் என்றால் இரண்டு முழுப் பட்டங்களைத் தலையில் சுமப்பது அல்ல. கணினி அறிவியலின் முக்கியப் பாடங்களும், உயிரியலின் முக்கியப் பாடங்களும், இரண்டையும் இணைக்கும் பாடங்களும் ஒரே பட்டத்துக்குள் வரும். நம் நாட்டில் பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு ஆண்டு.

கணினிப் பக்கத்தில் நிரல் எழுதுதல், தகவல்களை அடுக்கி வைக்கும் முறை, தகவல் தளம், கணிதம், புள்ளியியல். பைத்தான், ஆர் என்ற நிரல் மொழிகள் இந்தத் துறையில் அதிகம் புழங்குகின்றன. உயிரியல் பக்கத்தில் செல், மரபணு, புரதம், உடம்புக்குள் நடக்கும் வேதியியல். இணைக்கும் பாடங்களில் மரபணு எழுத்துகளை ஒப்பிடும் முறை, மருத்துவப் பதிவுகளைக் கையாளும் முறை, எக்ஸ்ரே போன்ற படங்களைக் கம்ப்யூட்டரைக்கொண்டு ஆராய்வது, செயற்கை அறிவு, நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் சட்டமும் ஒழுக்கமும். கடைசி ஆண்டில் ஒரு சொந்த ஆய்வு. இடையில் சில மாதம் ஒரு நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ வேலைப் பயிற்சி.

ரகசியம் என்றோமே, அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. யாருக்கு என்ன வியாதி என்று லயம் முழுக்கத் தெரிந்துபோனால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகும் சமூகம் நம்முடையது. அதனால் அந்தப் பாடத்தின் அருமை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்கே படிக்கலாம்?

ஜோகூர் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூ.டி.எம். என்போமே, அங்கே கணினி அறிவியல் பட்டத்துக்குள்ளேயே உயிர்த் தகவலியலை ஒரு பிரிவாக வைத்து நடத்திவந்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் அறிவியல் புலத்தின் வழியாக அதே துறையைத் தந்திருக்கிறது. முதலாவதில் கம்ப்யூட்டர் கூடுதல், இரண்டாவதில் உயிரியல் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் கணினி அறிவியலோடு வேறொரு துறையைச் சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் பலவற்றை நடத்துகிறது.

பல்கலைக்கழகங்கள் பிரிவுகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் பெயரை மாற்றுவதும் உண்டு. ஆகையால் விண்ணப்பிக்கும் ஆண்டில் யூ.பி.யூ. பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். "அண்ணன் சொன்னாரு, பத்திரிகையில போட்டிருந்தாங்க" என்பது போதாது.

போகும் வழி இதுதான். நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களோடு கூடுதல் கணிதத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அட் மெத்ஸ் கஷ்டம் என்று பயந்து விட்டுவிட்டால், பின்னால் இந்த வாசல் ஏறக்குறைய மூடிவிடும். உயிரியலும் எடுத்திருந்தால் நல்லது. எஸ்.பி.எம். முடிந்ததும் மெட்ரிகுலேஷன், அல்லது ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம்., அல்லது அசாசி, அல்லது டிப்ளோமா. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டாம். எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு. செலவு மிகக் குறைவு. அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகக் கதவு திறந்தே இருக்கிறது.

பணத்துக்கு என்ன செய்வது? அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மிச்சத்துக்கும் சாப்பாட்டுக்கும் பி.டி.பி.டி.என். கடன் உண்டு. அது இனாம் அல்ல, கடன். வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே திறந்து வைத்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

தனியார் கல்லூரி என்றால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். ஏஜண்டு கைகாட்டும் வண்ண அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். "இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கா? பதிவேட்டுல காட்டுங்க" என்று நேருக்கு நேர் கேளுங்கள். எம்.கியூ.ஏ. பதிவேடு இணையத்தில் இருக்கிறது. யாரும் பார்க்கலாம். "ஹெல்த்", "டிஜிட்டல்", "ஏ.ஐ." என்று மூன்று பகட்டு வார்த்தையைச் சேர்த்துப் புதுப்புதுப் பெயர் வைக்கிறார்கள். பெயரைப் பார்க்காதீர்கள். பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் நிரல் எழுதுதலும் புள்ளியியலும் உயிரியலும் உண்மையாக இருக்கின்றனவா என்று பிள்ளையின் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

எல்லாருக்கும் ஏற்றதா?

இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நம் கடமை.

இந்தப் பட்டம் வாங்கியவர் டாக்டர் அல்ல. நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து துடிக்கும் பிள்ளைக்கு இது ஆறுதல் பரிசாக இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாதிமைப் படிப்பு, உதவி மருத்துவ அதிகாரிப் படிப்பு, மருந்தகப் படிப்பு என்று வேறு வழிகள் இருக்கின்றன. நம் தோட்டத்து டிரஸ்சர் ஒரு காலத்தில் எத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்பதை நாம் மறக்கவில்லை.

கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைக்கும் இது ஆகாது. நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து, ஒரு புள்ளி தப்பியதற்காக இரவெல்லாம் நிரலைத் தேடிக்கொண்டிருக்கும் பொறுமை வேண்டும்.

வேலைச் சந்தையையும் பார்க்க வேண்டும். மரபணு ஆராய்ச்சி வேலை நம் நாட்டில் மலிந்து கிடக்கவில்லை. அதில் மேலே போக முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். ஆனால் இங்கேதான் சேர்ந்த பட்டத்தின் பலம். ஆராய்ச்சி வேலை கிடைக்காவிட்டால், கம்ப்யூட்டர் பாதி சோறு போடும். மருத்துவமனையின் தகவல் பிரிவு, மருத்துவ மென்பொருள் நிறுவனம், காப்புறுதி நிறுவனம், வங்கி என்று நிரல் எழுதத் தெரிந்தவருக்குப் பல இடம் உண்டு. அதனால்தான், இரண்டில் எது பெரிய பாதி என்று கேட்டால், கம்ப்யூட்டர் பாதி பலமாக இருக்கும் பட்டத்தையே எடுக்கச் சொல்வோம்.

இன்னொரு வாசலையும் காட்டிவிடுகிறோம். 2013இல் மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள், வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து செம்பனை மரத்தின் மரபணு எழுத்துகளைப் படித்து வெளியிட்டார்கள். தடித்த ஓடுள்ள டூரா, ஓடில்லாத பிசிபெரா, இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய மெல்லிய ஓட்டுத் தெனெரா என்று மூன்று வகை இருப்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் அதிகம் தருவது தெனெரா. ஓட்டின் தடிப்பை எந்த மரபணு முடிவு செய்கிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். முன்பெல்லாம் மரம் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டியதை, நாற்றங்காலிலேயே ஓர் இலையை எடுத்துச் சோதித்துச் சொல்லிவிடலாம். அதே 2013இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் ரப்பர் மரத்தின் மரபணு வரைவையும் வெளியிட்டார்கள். மனிதனின் மரபணுவைப் படிக்கும் அதே கல்விதான் மரத்தின் மரபணுவையும் படிக்கிறது. தாத்தா கித்தா மரத்தில் பால் வெட்டினார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். பேத்தி அந்த மரங்களின் எழுத்தைப் படிக்கப் போகலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பேத்தி என்று வேண்டுமென்றேதான் எழுதினோம். "பொம்பளப் புள்ளைய ஜோகூருக்கெல்லாம் எப்படிங்க அனுப்புறது?" என்று கேட்கும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தங்கும் விடுதி இருக்கிறது. நாற்காலியும் கம்ப்யூட்டரும் ஆண் பெண் பார்ப்பதில்லை. இந்தத் துறையின் ஆரம்ப காலத்தில், 1965இல், அப்போது அறியப்பட்டிருந்த புரதங்களின் எழுத்து வரிசைகளைத் திரட்டி முதல் தொகுப்பு நூலாக வெளியிட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் டேஹாப் என்ற அமெரிக்கப் பெண்மணிதான்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்ற கவலையும் நியாயமானது. தொடக்கத்துக்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. பைத்தான் மொழி இலவசம். பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் பள்ளிக் கம்ப்யூட்டர் அறை, பொது நூலகம், வட்டாரத்து இணைய மையம் எதையாவது பயன்படுத்தலாம். நான்காம் படிவத்துப் பிள்ளை வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், எஸ்.பி.எம். எழுதுமுன் சின்னச் சின்ன நிரல் எழுதப் பழகிவிடும். பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். நான்கு ஆண்டுக் கடன் வாங்குமுன் அதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய லாபம்!

கடைசியாக, பிள்ளைகளின் எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் அவர்களை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். டாக்டருக்கு வேண்டிய ஏ குறைந்திருந்தால் குரலை உயர்த்தாதீர்கள். முடிவுத் தாளைக் கையில் எடுத்து, கணிதத்தில் என்ன, கூடுதல் கணிதத்தில் என்ன, உயிரியலில் என்ன என்று மூன்று வரியை மட்டும் முதலில் பாருங்கள். அந்த மூன்றும் நன்றாக இருந்தால், மறுநாள் காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் போங்கள். யூ.பி.யூ. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டிவிட்டால் யார் சிபாரிசும் உதவாது.